எந்த மொழியில் விசில் எண்ணுவது?

ஜூன் 3, செவ்வாய்

குறிச்சியிலிருக்கும் மோட்டார் ஸ்டார்ட்டர் கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டது. கிணற்று மோட்டாரை ஓட்டி நிறுத்துகிற பெட்டி செய்கிறவர்கள். அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் சிப்புக்குப் புரோகிராம் எழுத ஆள் வேண்டுமாம். ஈ.சி.இ. முடித்து, ஒரு வருஷம் டெஸ்டிங் வேலையில் பட்டன் அமுக்கி, பிறகு கல்யாணம், குழந்தை என்று வீட்டோடு இருந்துவிட்ட என்னைக் கூப்பிடுகிறார்கள் என்றால் அவர்களுக்கு எவ்வளவு ஆள் பஞ்சமோ.

ஒரு நிபந்தனை. ஜூலை நான்காம் தேதி நேரில் போகும்போது, வீட்டுக்கு உபயோகமான ஒரு சின்னச் சாதனத்தை நானே செய்து எடுத்துப் போக வேண்டும். அதற்கான புரோகிராமை எந்தக் கணினி மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம். ஏன் அந்த மொழி என்று சொல்லத் தெரிய வேண்டும்.

சாதனம் முடிவாகிவிட்டது: குக்கர் விசில் எண்ணும் பெட்டி. இந்த வீட்டில் தினமும் காலையில் நடக்கும் ஒரே வழக்கு அதுதான். "எத்தனை ஆச்சு?" என்று அத்தை பூஜை அறையிலிருந்து கேட்பார். நான் இரண்டு என்பேன். இவர் குளியலறையிலிருந்து மூன்று என்பார். பருப்பு தன் தீர்ப்பைத் தட்டில் சொல்லும்.

நாளைக்குள் மொழியை முடிவு செய்து, மறுநாள் வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

குட்டி தூங்குகிறாள். மூக்கருகில் விரல் வைத்துப் பார்த்தேன். கொசுவத்திப் புகை அதிகமோ என்று ஒரு சந்தேகம், அவ்வளவுதான்.

ஜூன் 5, வியாழன்

யூடியூபில் மொழி தேடினேன். ஊருக்கு ஊர் ஜோசியர் இருப்பது போல இதற்கும் இருக்கிறார்கள். முகத்தைச் சுற்றி வட்ட விளக்கு வைத்துக்கொண்ட ஒருவர் "சி செத்துப்போச்சு மக்களே" என்று ஆரம்பித்தார். இன்னொருவர் சி மொழி தெரியாதவன் இன்ஜினியரே இல்லை என்றார். மூன்றாமவர் முதலில் தன் சானலை சப்ஸ்கிரைப் செய்யச் சொன்னார். அதுவரை எதுவும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டேன். இருபது பேர் கட்டை விரலைக் காட்டினார்கள். எதற்கு என்று தெரியவில்லை. கீர்த்தனா மட்டும் "ஏய், உன் பாப்பா போட்டோ போடுடி" என்றாள்.

ஜூன் 8, ஞாயிறு

காந்திபுரத்தில் ஒரு கோச்சிங் சென்டர். குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டே போனேன். கவுன்சிலர் என்ற பெயரில் உட்கார்ந்திருந்த பையனுக்கு மீசை இன்னும் முடிவாகவில்லை.

"மேடம், எங்க பேக்கேஜ்ல ஏழு லாங்குவேஜ் வருது."

"எனக்கு ஒண்ணு போதும். முதல்ல எதைக் கத்துக்கணும்?"

"ஏழுமே முதல்ல மேடம்."

குட்டி அவன் மேஜையிலிருந்த பேனா ஸ்டாண்டைத் தள்ளிவிட்டாள். அவளுக்கு நல்ல தீர்ப்புத் திறன் இருக்கிறது.

"அம்மாகிட்ட விட்டுட்டுப் போயிருக்கலாமே" என்றார் இவர். வெயில் அவ்வளவாக இல்லை என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

இவர் வெப்சைட் செய்கிற கம்பெனியில் இருக்கிறார். அதனால் கணினி என்று எழுதப்பட்ட எல்லாவற்றையும் பற்றி இவருக்குக் கருத்து உண்டு. "பைத்தான் எடுத்துக்கோ சுகந்தி. இங்கிலீஷ்ல பேசற மாதிரியே இருக்கும். ஒரு வாரத்துல முடிச்சிரலாம்."

சரி என்று பைத்தான் எடுத்தேன். சிப் பதித்த ஒரு போர்டும், சத்தம் கேட்கிற சின்ன மைக் ஒன்றும், எண்ணைக் காட்டும் குட்டித் திரையும் வாங்கியாகிவிட்டது. கெட்டால் இருக்கட்டும் என்று எல்லாவற்றிலும் இரண்டிரண்டு. உண்மையிலேயே எளிதாகத்தான் இருக்கிறது. மத்தியானத்துக்குள் கை தட்டினால் ஒன்று என்று காட்டியது.

அத்தை வந்து பார்த்தார். "மூணு விசிலு எண்றதுக்கு ஒரு மிசினாக்கும்? ஏனம்மிணி, எனக்குக் காது செவுடாயிருச்சுன்னு நெனச்சுட்டியா?"

ஜூன் 12, வியாழன்

பைத்தான் லாயக்கில்லை. முதல் விசிலை எண்ணியது. இரண்டாவதை விட்டது. மூன்றாவதை எண்ணி, "இரண்டு" என்று பெருமையாக நின்றது. பருப்பு பாயசமாகிவிட்டது.

இவர் சாப்பிட்டுக்கொண்டே என் புரோகிராமைப் பார்த்தார். "ஒரு விசில ரெண்டு தடவை எண்ணிரக் கூடாதுன்னு, எண்ணுனதும் கொஞ்ச நேரம் தூங்குன்னு எழுதியிருக்கே. அது தூங்கறப்போ ரெண்டாவது விசில் வந்துருச்சு. பைத்தான் என்ன பண்ணும்?"

தூங்கு என்றால் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கத் தெரியாத மொழி எதற்கு? நான் ராத்திரி அப்படித்தான் தூங்குகிறேன். வேறு மொழி பார்க்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

பெங்களூரிலிருந்து கொழுந்தன் தரணி வந்தான். ரஸ்ட் என்ற மொழியைச் சொல்லும்போது அவன் முகம் சாமி வந்தவன் போல ஆகிறது.

"அண்ணி, ரஸ்ட்ல எழுதினா தப்பே வராது. தப்பு இருந்தா அது ஓடவே விடாது."

"அப்ப உன் ஆபீஸ்ல எல்லாம் ரஸ்ட்தானா?"

"இல்லண்ணி. ஆபீஸ்ல ஜாவா."

தப்பே வராது என்ற சொல் மனதில் நின்றுவிட்டது. நாளை ரஸ்ட்.

ஜூன் 19, வியாழன்

ரஸ்ட் ஒரு மொழி இல்லை. பாத்திரம் இரவல் கொடுத்த மாமியார். ஒரு எண்ணை ஓரிடத்தில் கொடுத்துவிட்டு இன்னோரிடத்தில் தொட்டால் போதும்: யாருடையது, யாருக்குக் கொடுத்தாய், திரும்பி வந்ததா, வராமல் நீ எப்படித் தொடலாம்? நான்கு நாளாக இந்த விசாரணைதான். விசில் ஒன்றுகூட எண்ணியாகவில்லை. தப்பே வராது என்று தரணி சொன்னது சரிதான். எதுவுமே வரவில்லை.

நடுவில் குட்டிக்குச் சளி. மூன்று தடவை டாக்டருக்குப் போன் செய்தேன். மூன்றாவது தடவை நர்ஸே எடுத்து, "பாப்பா விளையாடுதுல்ல மேடம்?" என்றாள். விளையாடினால் சளி இல்லை என்று எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறதோ.

ஜூன் 20, வெள்ளி

இவர் இன்று ஒன்று சொன்னார். எழுதுகிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

"நீ மொழிய எடுக்கலை சுகந்தி. நாளைத் தள்ளிட்டிருக்கே."

அத்தையும் சமையலறையிலிருந்து ஒத்து ஊதினார். "பொருத்தமே பாத்துட்டிருந்தா கண்ணாலம் எப்ப நடக்கறது?"

அஸ்திவாரம் பார்க்காமல் வீடு கட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் புரியாது.

ஜூன் 22, ஞாயிறு

சி. கடைசியில் கிழவனிடமே வந்து நிற்கிறேன். காலேஜில் இரண்டாம் செமஸ்டரில் படித்த அதே சி. நோட்ஸைத் திருப்பிச் சொன்னால் மார்க் கொடுத்த பேராசிரியர் இதை வைத்து ஒரு பல்பைக்கூட எரியவிட்டுக் காட்டியதில்லை.

சி எதையும் கேட்பதில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்ட வீட்டுக்காரர் மாதிரி. சுவரில் எங்கே வேண்டுமானாலும் ஆணி அடிக்கலாம். உள்ளே கரண்ட் ஒயர் போகிறதா என்பது அடிக்கிறவர் பாடு.

ஜூன் 25, புதன்

சனியன் பிடித்த சி. அடுப்பு சீறி எரியும்போது சரியாக எண்ணுகிறது. சிம்மில் வைத்தால் ஒரே விசிலை ஒன்பது விசிலாக எண்ணுகிறது.

இவரிடம் கேட்கவில்லை. தரணியிடமும் கேட்கவில்லை. காலை முழுக்க வெறும் குக்கரில் தண்ணீர் ஊற்றி விசில் விட்டுக்கொண்டிருந்தேன். கீழ் வீட்டு அம்மா படியேறி வந்து, "ஏனுங்க, வீட்டுல விசேசமுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மத்தியானம் கண்டுபிடித்தேன். போன விசிலுக்குப் பிறகு எவ்வளவு நேரம் ஆனது என்பதை ஒரு சின்ன இடத்தில் போட்டு வைத்திருந்தேன். அந்த இடம் அரைப் படிதான் கொள்ளும். விசில் வரத் தாமதமானால் நேரம் பொங்கி வழிந்துவிடுகிறது. வழிந்ததும் கணக்கு மைனஸில் போய், எல்லாம் தலைகீழ். சி வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழிந்ததைத் துடைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல இருந்திருக்கிறது. பெரிய பாத்திரமாக மாற்றினேன். ஒரே ஒரு சொல்தான். சரியாகிவிட்டது.

நான்தான் கண்டுபிடித்தேன் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

ஜூன் 28, சனி

பெட்டி வேலை செய்கிறது. காலையில் மூன்று விசில், திரையில் மூன்று. அத்தை இரண்டு என்றார். பருப்பு பெட்டியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

மீதியிருந்த இரண்டாவது போர்டையும் எழுப்பினேன். வீட்டுச் சத்தங்கள் எப்படி இருக்கின்றன என்று ஒரு ஆய்வு. படுக்கையறை அலமாரியில், துண்டுகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். மைக்கின் கூர்மையை நன்றாக ஏற்றிவிட்டேன். குட்டி சிணுங்கினால்கூடச் சிவப்பு விளக்கு மினுங்கி, எண் ஒன்று ஏறுகிறது. நல்ல மைக்.

ஜூலை 1, செவ்வாய்

துண்டு எடுக்கப் போன இவர் கையில் போர்டோடு வந்தார்.

"இது எதுக்கு?"

"சத்த ஆய்வு."

"குக்கர் சமையக்கட்டுல இருக்கு. ஆய்வு ஏன் தொட்டிலுக்கு மேல நடக்குது?"

சில விஷயங்களை வெப்சைட் செய்கிறவர்களுக்கு விளக்க முடியாது. வாங்கித் திரும்ப அங்கேயே வைத்தேன். இவர் ஒரு பார்வை பார்த்தார். "அம்மாவுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவாங்க சுகந்தி" என்றார். தெரிந்தால்தானே?

ஜூலை 3, வியாழன்

சரி, எழுதியே விடுகிறேன். நாளை காலையிலிருந்து சாயங்காலம்வரை குட்டி அத்தையிடம் இருக்கப் போகிறாள். பிறந்ததிலிருந்து முதல் தடவை. "அழுதாளா?" என்று நான் கேட்டால் "இல்லையே கண்ணு" என்றுதான் அத்தை சொல்வார். போன மாசி மாதம் நான் குளிக்கப் போன நேரத்தில் குட்டி கட்டிலிலிருந்து விழுந்ததைச் சாயங்காலம்வரை சொல்லாதவர் அவர். நெற்றி வீக்கத்தை நான் பார்த்துக் கேட்டபோது, கொசு கடித்தது என்றார். கொசு, எலுமிச்சம்பழம் அளவுக்குக் கடித்திருந்தது. நான் பதறுவேனாம், அதனால் சொல்லவில்லையாம்.

மனிதர்கள் நல்ல மனதோடு பொய் சொல்வார்கள். போர்டுக்கு மனதே கிடையாது.

அழுகை ஒன்றோ இரண்டோ என்றால் வேலைக்குப் போகலாம். ஐந்துக்கு மேல் போனால் கிணற்று மோட்டார் என் உதவியில்லாமலே ஓடட்டும். நாளைய சமையலைக் காலையிலேயே முடித்துவிடுவேன். பிறகு வீட்டில் குக்கருக்கு வேலை இருக்காது, அலமாரி போர்டு குழம்ப வழியில்லை.

ஜூலை 4, வெள்ளி

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே புரியாது.

சாதம், பருப்பு, பொரியல் முடித்து மூடி வைத்தேன். விசில் பெட்டியைப் பையில் போட்டேன். அலமாரி போர்டைப் பூஜ்யத்தில் வைத்துத் துண்டுகளை அடுக்கினேன். குட்டி அத்தையின் வளையலோடு விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் பார்க்காதபோது கிளம்பினேன். அத்தை அதைப் பார்த்தார்.

கம்பெனியில் பெனிட்டா மேடம் என்று ஒருவர். ஐம்பது வயதிருக்கும். தலையில் மூக்குக் கண்ணாடி, கழுத்தில் இன்னொன்று. பைத்தான் ஏன் இல்லை, ரஸ்ட் ஏன் இல்லை, சி ஏன் என்று ஒரு சொற்பொழிவே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் என் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

"சி-லதானே எழுதினீங்க?"

"ஆமா மேடம். ஏன்னா..."

"சரி."

ஒரு மாத ஆராய்ச்சி அந்தச் "சரி"யில் முடிந்தது. போனில் பதிவு செய்த விசிலைப் போட்டுக் காட்டலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார். பக்கத்து அறையிலிருந்து மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன. திரை "ஒன்று" என்றது.

"நல்லா இருக்கு. ஆனா எல்லாப் பெட்டியும் ஒரு நாள் தப்பா எண்ணும். உங்க பெட்டி தப்பினா எந்தப் பக்கம் தப்பும்? கூட எண்ணுமா, விட்டுடுமா?"

இதை எந்த வட்ட விளக்குக்காரரும் கேட்டதில்லை. ஆனால் பதில் என்னிடம் இருந்தது. நான் யோசித்து வைத்தது என்பதே சொல்லும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"கூட எண்ணும் மேடம். சந்தேகம்னா எண்ணிடுன்னுதான் எழுதியிருக்கேன். கூட எண்ணினா சீக்கிரம் இறக்கிடுவோம், வேகலைன்னா மறுபடி வைக்கலாம். விட்டுட்டா அடிப்பிடிச்சிரும். அதை ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "எங்க பெட்டியும் அப்படித்தான். தண்ணி இருக்கறப்பவே மோட்டாரை நிறுத்திட்டா விவசாயி நம்மளத் திட்டுவார். தண்ணி இல்லாம ஓடவிட்டா மோட்டார் கருகிடும். திட்டு வாங்கிக்கலாம். திங்கக்கிழமை வந்துருங்க. வர்றீங்களா இல்லையான்னு இன்னைக்கு ஆறு மணிக்குள்ள போன் பண்ணிச் சொல்லிடுங்க. இன்னொரு பொண்ணுக்கும் பதில் சொல்லணும்."

அங்கேயே "வர்றேன்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அலமாரி போர்டு என்ன எண்ணியிருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் படுக்கையறைக்குப் போனேன். துண்டுகளை விலக்கினேன். ஆறு.

ஆறு தடவை அழுதிருக்கிறாள். கூடத்தில் குட்டி, அத்தை மடியில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். குழந்தைகள் சீக்கிரம் மறந்துவிடுகிறார்கள், அதுதான் கொடுமை.

"அத்தை, குட்டி அழுதாளா?"

"இல்லையே கண்ணு. சமத்தா இருந்தா."

"ஒரு தடவைகூடவா?"

"ஒருக்காக்கூட அழுவுல."

"பொய் சொல்லாதீங்கத்தை."

சொல்லிவிட்டேன். அத்தை குட்டியை மடியிலிருந்து இறக்கி உட்கார வைத்தார். நான் போனை எடுத்து பெனிட்டா மேடத்தின் எண்ணைத் தேடினேன். வரவில்லை என்று சொல்லிவிடலாம். காலையிலிருந்து சாப்பிடாததில் எண் சட்டென்று கண்ணில் படவில்லை.

அத்தை எழுந்து போய் ஒரு தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கொண்டைக்கடலை. தேங்காய் போட்டுத் தாளித்தது.

"பசியோட வருவேன்னு வேக வெச்சேன். பெரிய கடலை. ஆறு விசிலு விட்டாத்தான் வேகுது."

நான் போனைக் கீழே வைத்தேன்.

"உன்ர அலமாரி மிசினு நல்லாத்தான் எண்ணுது" என்றார் அத்தை, குட்டியின் வாயைத் துடைத்துக்கொண்டே. "விசிலு வர்றப்பெல்லாம் துண்டுக்குப் பின்னாடி செவப்பா மினுங்குது. இவ அதைப் பாத்துக் கைய நீட்டறா. அதுக்காவவே கதவத் தொறந்து வெச்சேன்."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "எப்பத்துல இருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"துண்டு மடிச்சு வெக்கறது நாந்தானே அம்மிணி."

கடலையைத் தின்றேன். உப்பு கொஞ்சம் கூட. சொல்லவில்லை. ஆறு மணிக்கு முன்னால் போன் செய்து வருகிறேன் என்றேன். கூட எண்ணினால் மறுபடி வைத்துக்கொள்ளலாம் என்று காலையில்தான் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். அத்தையிடம் சொன்ன சொல்லை எந்த அடுப்பில் மறுபடி வைப்பது?

ஜூலை 5, சனி

காலையில் அத்தை பூஜை அறையிலிருந்து "எத்தனை ஆச்சு?" என்று கேட்டார். பெட்டி மேடைமேல்தான் இருந்தது, திரையில் மூன்று. "தெரியலீங்கத்தை, நீங்க எண்ணுனது எத்தனை?" என்றேன். இரண்டு என்றார். இன்னொரு விசில் விட்டோம். பருப்பு குழைந்துபோனது. அத்தை அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் எனக்கு இன்னொரு கரண்டி ஊற்றினார்.

இவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இவருக்குக்கூட ஏதோ புரிந்துவிட்டது போலிருந்தது.

ஜூலை 7, திங்கள்

முதல் நாள். மேஜை கொடுத்தார்கள், மின்விசிறி கொடுக்கவில்லை. பக்கத்து மேஜைப் பையன், "அக்கா, சி-யை விட ரஸ்ட் நல்லதுங்களா?" என்று கேட்டான். மோட்டார் கருகினால் எந்த மொழியில் கருகியது என்று விவசாயி கேட்பாரா என்றேன்.

அலமாரியில் ஒன்றும் வைக்கவில்லை. துண்டுகள் மட்டும். இரண்டாவது போர்டைக் குட்டியின் பொம்மைக் கூடையில் போட்டுவிட்டேன், அந்தச் சிவப்பு விளக்கு அவளுக்குப் பிடித்திருக்கிறது.

கிளம்பும்போது இந்தத் தடவை அவளிடம் சொல்லிவிட்டே கிளம்பினேன். வாசலில் ஓவென்று அழுதாள். தெருமுனை திரும்பும் முன்பே நிறுத்திவிட்டாளாம், அத்தை சொல்கிறார். நம்புகிறேன்.

ஆனாலும் ஒன்று. அந்த அழுகையை என் காதாலேயே கேட்டேன். ஒன்று என்றே வைத்துக்கொள்கிறேன்.